வாசலில் நின்ற கடன்: புத்தளக் கரையோரக் கடன் வரலாற்றில் சில பக்கங்கள்

எங்கட கரையோர ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃப் கட்டுமுன் ஓர் அறிவித்தல் செய்வது வழக்கம். மரணித்தவரின் மகனோ மருமகனோ முன்னால் வந்து, "மையித்துக்கு யாராவது கடன் கொடுத்திருந்தா எங்களோட பேசிக்கொள்ளுங்க, இல்லாட்டி அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கொள்ளுங்க" என்பார். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் இதைக் கேளாத மனிதர் இருக்கமாட்டார். ஆள் போனாலும் கடன் போகாது என்ற கொள்கை இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

நாட்டின் சட்டம் வேறொன்றைச் சொல்கிறது. எழுதிக் கையொப்பமிட்ட சாதாரணக் கடனுக்கு ஆறு வருடம், வாய்மொழிக் கடனுக்கு மூன்று வருடம்; அதற்குள் வழக்கு வைக்காவிட்டால் நீதிமன்றத்தில் அறவிட முடியாது என்பது 1871 முதல் இந்நாட்டில் உள்ள விதி. மார்க்கம் மறக்காத கடனைச் சட்டம் ஒரு நாள் கைவிட்டுவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் கடன் அறவிட வருபவர் காலங்காலமாகத் தன் தொழிலை நடத்தி வந்திருக்கிறார். அந்த வரலாற்றை எங்கட பகுதியை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பருவக் கடல், பருவக் கடன்

புத்தளக் கரையோரத்தின் தொழில்கள் யாவும் பருவத்தை நம்பியவை. கரைவலை இழுப்பது ஒரு பருவம், உப்பு விளைவது வெயில் பருவம், தேங்காய் பறிப்பது மாதக்கணக்கு. பணம் வரும் நாளுக்கும் அடுப்பு எரியும் நாளுக்கும் இடையில் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை அடைத்தது கடன்தான். கரைவலைச் சம்மாட்டியிடம் ஆட்கள் பருவத் தொடக்கத்தில் முற்பணம் வாங்குவார்கள். சம்மாட்டி மீன் முதலாளியிடம் வாங்குவார். மீன் அவருக்கே போகும், அவர் சொன்ன விலைக்கே போகும். வட்டி என்று ஒரு சொல் அங்கே பேசப்படாது. விலையில் குறைத்ததே வட்டி. கணக்கு முதலாளியின் கொப்பியில் மட்டும் இருக்கும். கடன்பட்டவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இராது.

இப்படிப்பட்ட கடன் முழுதாக அடைபடுவதை இரு தரப்பும் விரும்பியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடைந்துவிட்டால் ஆள் வேறு வலைக்குப் போய்விடுவான் என்று சம்மாட்டி பயப்படுவார். அடுத்த பருவத்துக்கு யார் தருவார் என்று ஆள் பயப்படுவான். பழைய கடன் என்பது ஓர் உறவின் கயிறாகவும் இருந்தது.

செட்டியாரின் பேரேடு

பெரிய தொகைக்கு வேறு வாசல். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்புச் செட்டியார் தெருவைத் தலைமையிடமாக்கி இலங்கை முழுவதும் கடன் தொழில் நடத்தினார்கள். கொழும்பிலிருந்த ஆங்கிலேய வங்கிகள் உள்ளூர் மனிதருக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. செட்டியாருக்குக் கொடுக்கும், செட்டியார் கூடுதல் வட்டிக்கு உள்ளூருக்குக் கொடுப்பார். கொழும்பு, குருநாகல், சிலாபம் ஆகியவற்றுக்கு இடைப்பட்ட தென்னை முக்கோணத்தின் தோட்டக்காரர் பலர் இந்த வழியில்தான் முதல் தேடினார்கள்.

1925இல் ஒரு பெரிய செட்டி நிறுவனம் வீழ்ந்ததும் வங்கிகள் செட்டியாருக்குக் கொடுப்பதைச் சுருக்கின. அதன்பின் 1929க்குப் பிந்திய உலக மந்தத்தில் தேங்காய் விலையும் கொப்பரா விலையும் சரிந்தன. கடன் வாங்கிய தோட்டக்காரரால் வட்டியும் கட்ட முடியவில்லை. ஈட்டுக்கு எழுதிய காணிகள் செட்டியார் கைக்குப் போயின. செட்டியாரை மட்டும் வில்லனாக்குவது நியாயமல்ல. வங்கி அவரை நெருக்கியது, அவர் தோட்டக்காரரை நெருக்கினார். 1934இல் இலங்கை வங்கித்துறை பற்றி ஆராய்ந்த ஆணைக்குழு, உள்நாட்டவருக்குக் கடன் தரும் ஒரு வங்கி வேண்டும் என்று சொன்னதும், 1939 ஆகஸ்டில் இலங்கை வங்கி திறக்கப்பட்டதும் இந்த நெருக்கடியின் பிள்ளைகளே. 1941இல் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. காணியை ஈடு வைத்தவரும் நிபந்தனை உறுதி எழுதிக் கொடுத்தவரும் கடன் கொடுத்தவரோடு ஒரு சபையின் முன் உட்கார்ந்து பேச அது வழி செய்தது. கடன் இணக்கச் சபை இன்றும் இயங்குகிறது. ஆனால் எங்கட ஊர்களில் காணி பறிபோகும் நிலைக்கு வந்தவரிடம் இந்தச் சபையைப் பற்றிக் கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரிந்திராது.

தடியூன்றிய பாய்

சம்பளக்காரரின் கடன்காரர் ஆப்கானியர். அவர்களை இலங்கையில் 'பாய்' என்றே அழைத்தார்கள். தமிழ்நாட்டில் அதே ஆட்களுக்கு 'ஈட்டிக்காரன்' என்று பெயர். தாகூரின் 'காபூலிவாலா' கதை 1892இல் வெளிவந்தது. அதில் வரும் மனிதரும் இவர்களுள் ஒருவரே. தொளதொளத்த உடுப்பு, தலைப்பாகை, கையில் ஒரு தடி. சம்பள நாளில் அலுவலக வாசலில் நிற்பார். அகப்படாவிட்டால் வீட்டு வாசலில் நிற்பார். அடகும் கேட்கமாட்டார், காணி உறுதியும் கேட்கமாட்டார். அவருடைய உத்தரவாதம் வெட்கம்தான். அயல் வீட்டார் பார்க்க ஒருவர் வாசலில் அரை நாள் நின்றால் போதும், கடன்பட்டவர் எங்காவது புரட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். அவரும் முஸ்லிம், வாங்கியவரும் பல இடங்களில் முஸ்லிம், இடையில் வட்டி. இதை எங்கட மூத்தவர்கள் ஒரு கசப்போடுதான் சொல்லுவாங்க. சுதந்திரத்துக்குப் பிந்திய குடிவரவுக் கட்டுப்பாடுகளோடு அவர்கள் மெல்ல மெல்லப் போய்விட்டார்கள். அவர்கள் கண்டுபிடித்த முறை போகவில்லை.

சட்டம் போட்ட மூன்று வேலிகள்

இக்காலத்தில் எழுந்த மூன்று சட்ட விதிகளை வாசகர் அறிந்திருப்பது நல்லது.

முதலாவது 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அறவிடக்கூடிய வட்டி ஒருபோதும் முதலை மிஞ்சக்கூடாது என்று அது சொன்னது. நூறு ரூபா கொடுத்தவர் எத்தனை வருடம் கழித்து வந்தாலும் வட்டியாக இன்னொரு நூறுக்கு மேல் கேட்க முடியாது. ரோமன் டச்சுச் சட்டத்திலும் பழைய இந்து தர்மநூல் மரபிலும் உள்ள கொள்கை இது. வங்கிகளுக்குத் தனிச் சட்டங்கள் பின்னர் வந்தன என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம். கடனுக்காக எழுதும் புரோநோட்டில் உண்மையில் கொடுத்த தொகை எவ்வளவு, முன்கூட்டிக் கழித்த வட்டி எவ்வளவு, வட்டி வீதம் என்ன என்று தனித்தனியாக எழுத வேண்டும் என அது விதித்தது. நூறு கொடுத்து இருநூறுக்கு நோட்டு எழுதுவதைத் தடுப்பதே நோக்கம். கொடுமையான பேரத்தை நீதிமன்றம் திரும்பத் திறந்து பார்க்கவும் அது இடம் கொடுத்தது.

மூன்றாவது நான் முதலில் சொன்ன 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. காலம் கடந்த கடனை வாயால் ஒத்துக்கொண்டாலும் அது உயிர்பெறாது. ஆனால் எழுதிக் கையொப்பமிட்டு ஒத்துக்கொண்டால் உயிர்பெறும். முதலிலோ வட்டியிலோ ஒரு பகுதி கட்டினால் அதுவும் கணக்கைத் திரும்பத் தொடங்கிவைக்கலாம். இன்னொன்று: காலம் கடந்துவிட்டது என்று கடன்பட்டவர்தான் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் வாய் திறக்காவிட்டால் நீதிபதி தானாகச் சொல்லமாட்டார்.

அறவிட வருபவர் ஏன் பழைய நோட்டைக் கிழித்துப் புது நோட்டு எழுதச் சொன்னார், ஏன் "இருக்கிறதைத் தாங்க, ஒரு அம்பது ரூபாயாச்சும் தாங்க" என்று இறங்கி வந்தார் என்பது இந்த விதியைப் படித்தால் விளங்கும். அந்த ஐம்பது ரூபாய் இரக்கத்தால் வந்ததல்ல. அது ஆறு வருடத்தின் விலை.

இறாலும் அட்டையும்

எண்பதுகளில் எங்கட மாவட்டத்துக்குப் புதுக் கடன் ஒன்று வந்தது. முந்தல் முதல் சிலாபம் வரை களப்போரமெங்கும் இறால் பண்ணைகள் வெட்டப்பட்டன. முதலில் பெரிய கம்பனிகள், பிறகு காணியை ஈடு வைத்துக் குளம் வெட்டிய சிறியவர்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. 1998இல் திரும்பவும் வந்தது. இறால் செத்தது, கடன் உயிரோடிருந்தது. கைவிடப்பட்ட குளங்களை இன்றும் வீதியோரத்தில் பார்க்கலாம்.

அதற்கடுத்த தலைமுறையின் கடன் சட்டைப் பையில் இருந்தது. கொழும்பில் வேலை பார்த்த எங்கட பிள்ளைகள் பலரும் கடனட்டை எடுத்தார்கள். என் சாச்சா ஒருவரும் அப்படித்தான். ஒரு கடையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு வங்கியின் அட்டையை எடுத்தார். சாச்சியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இழுத்தார். வேலை போய் ஊருக்கு வந்ததும் கட்டுவது நின்றது. ஒன்பது வருடம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு நாள் தொலைபேசி வந்தது. வங்கியிலிருந்து அல்ல, வங்கிக்காக அறவிடும் ஒரு நிறுவனத்திலிருந்து. அறுபதாயிரத்துச் சொச்சம் முதல், நாலு லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். சாச்சாவுக்கு எடுத்தது போதாதென்று மகளின் மாமியார் வீட்டுக்கும் எடுத்தார்கள். பாய் வாசலில் நின்ற அதே வேலைதான். வாசல் மாத்திரம் கைக்குள் வந்துவிட்டது.

கணக்கின் வேகத்தையும் பார்க்க வேண்டும். 2022இல் நாட்டில் கடனட்டை வட்டி 36 சதவீதம் வரை ஏறியது. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி 28 சதவீத உச்சவரம்பு போட்டது. அந்த 28 சதவீதத்திலும் கட்டாமல் விட்ட தொகை மூன்று வருடம் ஆகுமுன்னே இரட்டிப்பாகிவிடும்.

சாச்சா கேட்ட கேள்வி இரண்டு. "பொலிஸ் வருமா?" என்பது ஒன்று. வெறுமனே கட்ட முடியாமல் போன அட்டைக் கடன் சிவில் விடயம். அதை அறவிடுவது பொலிஸின் வேலை அல்ல. ஆனால் அறவிட வருபவர் 'உத்தரவாதத்துக்கு' என்று காசோலை கேட்டால் கவனம் வேண்டும். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ், பணமில்லாத கணக்கில் காசோலை எழுதுவது குற்றம். சிவில் கடனைக் குற்றமாக மாற்றும் கதவு அது. அதே சட்டம் வங்கிகளுக்கு விரைவான வழக்கு முறையையும் கொடுத்திருக்கிறது. ஆகவே தொலைபேசிக்குப் பயப்படத் தேவையில்லை. நீதிமன்றக் கடிதம் வந்தால் அதை ஒரு நாளும் மேசைக்குள் போட்டு வைக்கக் கூடாது. காலாவதி பற்றிய கணக்கும் ஒப்பந்தத்தையும் கடைசியாகக் கட்டிய நாளையும் பொறுத்தது. கையொப்பம் வைக்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவதே புத்தி.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. "சட்டப்படி முடிஞ்சிருந்தாலும், நான் மௌத்தானா என்ன சொல்லுவாங்க?"

மார்க்கம் சொல்லும் இரண்டு பக்கம்

இஸ்லாமியச் சட்ட மரபு இந்தக் கேள்வியைப் புதிதாகச் சந்திக்கவில்லை. உஸ்மானியர் காலத்துச் சட்டத் தொகுப்பான மஜல்லா, பொதுவான கடன் வழக்குகளைப் பதினைந்து வருடங்களுக்குப் பிறகு நீதிபதி விசாரிக்கக் கூடாது என்றது. அதே தொகுப்பு, காலம் கடந்ததால் உரிமை அழிந்துவிடாது என்றும் சொன்னது. நீதிமன்றக் கதவு மூடும், மனச்சாட்சியின் கதவு மூடாது. கடனோடு மரணித்தவருக்கு நபியவர்கள் தொழுவிக்கத் தயங்கியதும், அபூ கதாதா கடனைத் தன்மீது ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுவித்ததும் நாமறிந்த செய்தி. வசதியிருந்தும் இழுத்தடிப்பதை அநியாயம் என்றே ஹதீஸ் சொல்கிறது. ஆகவே ஆறு வருடம் போனது, தப்பினோம் என்று சந்தோஷப்பட எங்களுக்கு இடமில்லை.

ஆனால் ஜனாஸா மேடையில் நாம் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். மறுபக்கமும் அதே அளவு பலமானது. கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்வது குர்ஆனின் கட்டளை. விட்டுக்கொடுப்பது அதைவிடச் சிறந்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஸூரத்துல் பகராவின் நீண்ட கடன் வசனம் எழுதச் சொல்கிறது, சாட்சி வைக்கச் சொல்கிறது; கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. பேரேடு முதலாளியிடம் மட்டும் இருந்த எங்கட கரையோரத்துக்கு இதைவிடப் புரட்சியான வார்த்தை இல்லை. ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனில் மூழ்கியவர் ஒரு கூட்டத்தார். கொடுத்த முதல் கடன். அதன்மேல் ஏறிய வட்டியை மார்க்கம் கடனாக ஏற்பதில்லை.

புகாரியில் வரும் ஒரு சம்பவத்தைப் பள்ளி நிர்வாகிகள் கவனிக்க வேண்டும். கஅப் இப்னு மாலிக் தமக்கு வரவேண்டிய கடனை இப்னு அபீ ஹத்ரதிடம் பள்ளிவாசலுக்குள் கேட்டார்; சத்தம் பெருத்தது. நபியவர்கள் அறையின் திரையை விலக்கி வெளியே வந்து, பாதியைக் குறைக்கும்படி கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவர் சம்மதித்தார். மற்றவரிடம், எழுந்து போய் மீதியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள். கொடுத்தவருக்கு ஒரு பங்கு இழப்பு, பட்டவருக்கு உடனடிப் பொறுப்பு. நடந்த இடம் பள்ளிவாசல்.

நாடும் இதைத்தானே செய்தது? 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. பிறகு கடன் கொடுத்தவர்களோடு வருடக்கணக்கில் பேசிக் குறைத்தது, தவணை கேட்டது. அரசாங்கம் பேசினால் மறுசீரமைப்பு, ஏழை பேசினால் ஏமாற்று என்று ஆகாது.

கேட்காத கடன்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு எங்கட மண்ணுக்கு வந்த மக்களிடமிருந்து நான் கேட்ட ஒரு கதையைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அன்று கிடைத்தது இரண்டு மணித்தியாலம்தான். பணமும் நகையும் கடைக் கணக்கும் அங்கேயே நின்றன. அவர்களுள் ஒரு புடவை வியாபாரி, 2002இல் ஏ9 பாதை திறந்ததும் யாழ்ப்பாணம் போனார். தன் கடையைப் பார்க்கப் போனதாகத்தான் பிள்ளைகள் நினைத்தார்கள். அவர் போனது ஒரு தமிழ் முதலாளியின் வீட்டுக்கு. வெளியேறுவதற்கு முந்திய வாரம் கடனுக்கு எடுத்த சரக்கின் காசைக் கொடுத்திருக்கிறார். கடைக்குக் கடனாக விற்ற சரக்குக்குச் சட்டம் தரும் காலம் ஒரே ஒரு வருடம். போனது பன்னிரண்டு வருடம். முதலாளி வாங்க மறுத்திருக்கிறார். "நீங்க கேக்க மாட்டீங்கண்டு தெரிஞ்சுதான் கொண்டு வந்தன்" என்று இவர் சொன்னாராம்.

தொலைபேசிகளும் தடிகளும் சேர்ந்து பிடுங்க முடியாத நாணயம் அது. எங்கட சமூகத்தில் அது இருக்கிறது. அதை நம்பித்தான் அறவிடுபவர் வெட்கத்தைக் கருவியாக்குகிறார்; நாணயமுள்ளவனைத்தான் வெட்கப்படுத்தலாம்.

சாச்சாவின் விடயம் இப்படி முடிந்தது. தொலைபேசியில் ஒன்றுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, ஐந்து சதமும் கட்டவில்லை. முதலும் வட்டியும் பிரித்த கணக்கை எழுத்தில் கேட்டார்; அந்த நிறுவனத்துக்கு அறவிடும் அதிகாரம் கொடுத்த கடிதத்தையும் கேட்டார். பிறகு வங்கியோடு நேரடியாகப் பேசி, முதலுக்குச் சற்று மேலான ஒரு தொகையோடு கணக்கு முழுதாக முடியும் என்ற கடிதத்தை முதலில் வாங்கினார். கடிதம் கைக்கு வந்த பிறகே கட்டினார். மருமகன்மார் பாதி போட்டார்கள்.

எல்லாருக்கும் அப்படி மருமகன்மார் இல்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் கணக்குத் தெரிந்த ஒருவர், ஒரு சட்டத்தரணி, ஓர் ஆலிம் ஆகிய மூவர் மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் உட்காரலாம். கடிதத்தை வாசித்துச் சொல்லலாம். எதில் கையொப்பம் வைக்கக் கூடாது என்று சொல்லலாம். கடன் இணக்கச் சபைக்கும் நிதிக் குறைகேள் அதிகாரிக்கும் மத்திய வங்கிக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தவரையும் பட்டவரையும் ஒரு பாயில் இருத்தலாம். ஸகாத் நிதியில் கடனாளிகளுக்குரிய பங்கை அந்த மூவரின் சிபாரிசோடு கொடுக்கலாம். மையித்தின் கடனைக் கேட்க நாம் மைக்கைப் பிடிக்கிறோம். உயிரோடிருப்பவரின் கடனைக் கேட்க ஒரு மேசையும் மூன்று கதிரையும் போதும்.